கூகுள் டாக்ஸ், ஈதர்பேட், விக்கி: பிள்ளைகளைச் சேர்ந்து எழுத வைத்தால் பாடம் ஆழமா இறங்குதா?

கன்னங்குறிச்சி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல ஒரு அரசுப் பள்ளியில எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கறேன். ஹைடெக் லேப்ல வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைக்கும். ஆன்லைன் மதிப்பீடு ஏதாவது வந்துட்டா அதுவும் போச்சு.

கிடைச்ச பீரியட்ல குழுவுக்கு ஆறு பேர்னு பிரிச்சு, கூகுள் டாக்ஸ்ல திருமணிமுத்தாறு பத்தி சேர்ந்து எழுதச் சொன்னேன். எல்லாக் குழுவிலயும் ஒரே கதைதான். டைப்பிங் தெரிஞ்ச ஒரு பிள்ளை மொத்தத்தையும் அடிக்குது, மத்த அஞ்சு பேரும் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கறாங்க. சேர்வராயன் மலையில பிறந்து சேலம் நகரத்துக்குள்ள ஓடி காவிரியில கலக்குதுங்கிற வரைக்கும் எல்லாக் கட்டுரையும் அச்சு அசல் ஒண்ணு. அதுக்கு அப்புறம் வர்ற பத்தி எங்க இருந்தோ எடுத்து ஒட்டினது. "நீர்வளத்தின் பன்முகப் பரிமாணங்கள்"னு எந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க எழுதும்?

பயிற்சியில எல்லாம் "கூட்டுக் கற்றல், இணையக் கருவி"ன்னு அழகாச் சொல்றாங்க. எந்த மாதிரி வேலை கொடுத்தா அது நிஜமா நடக்கும்? வகுப்புல செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை கணக்கு

ரிட்டையர்மெண்ட் பக்கத்துல வந்தாச்சு, அதனால மனசுல பட்டதைச் சொல்லிடறேன்மா. ஆறு பேரும் ஒரே அறையில, ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு எதுக்கு கூகுள்? ஒரு சார்ட் பேப்பர், ஆளுக்கு ஒரு கலர் ஸ்கெட்ச் பேனா கொடுங்க. யார் எழுதினாங்க, யார் எழுதலைன்னு தூரத்துல இருந்தே தெரியும். கரண்ட் போனாலும் வேலை நிக்காது.

கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லலை. வடிவியலுக்கு நானே ஜியோஜீப்ரா மென்பொருள் காட்டறேன். முக்கோணத்தோட முனையை இழுத்து இழுத்துக் கோணங்களோட கூட்டல் மாறாம நிக்கறதைப் பார்த்தா பிள்ளைங்க கண்ணு விரியுது. அதை சாக்பீஸால செய்ய முடியாது. நீங்க சொன்ன கட்டுரையைப் பேப்பர்லயே செய்யலாமே?

மலைப்பாதை

கணக்கு சார் சொன்னதுல பாதி எனக்கு முழுச் சம்மதம். ஒரே அறையில இருக்கற பிள்ளைங்க, எல்லார் கையிலயும் அதே புத்தகம், கேள்வியும் ஒண்ணே. அங்க சேர்ந்து எழுதுறதுக்குக் காரணமே கிடையாது. நல்லா எழுதற பிள்ளை எழுதிட்டுப் போகும், மத்தவங்க சும்மா நிக்கறது அவங்க தப்பும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. அந்த வேலைக்கு அவங்க தேவைப்படலை.

1971-ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியலாளர் ஜிக்சா வகுப்பறைன்னு ஒண்ணு கொண்டு வந்தார். கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை அப்பதான் ஒரே பள்ளியில சேர்த்திருந்தாங்க, வகுப்பு பூரா சண்டை. அவர் பாடத்தை ஆறு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். பக்கத்துல இருக்கறவன் கையில உள்ளது எனக்கு வேணும், வேற எங்கயும் கிடைக்காது. அப்போ அவன்கிட்ட கேட்டே ஆகணும், அவன் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டே ஆகணும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துச் சங்கதி இது. இணையத்துக்கும் இதுதான் பொருந்தும்.

நான் ஏற்காடு பக்கம் ஒரு பள்ளியில இருக்கேன். கீழ சேலத்துல ஒரு நண்பரோட வகுப்பும் என் வகுப்பும் சேர்ந்து ஒரே கூகுள் ஷீட்ல வெப்பநிலை பதிவு பண்றோம். காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. எங்ககிட்ட மேல உள்ள கணக்கு, அவங்ககிட்ட கீழ உள்ள கணக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் கேள்வியே பிறக்கும். சார்ட் பேப்பரை 20 கொண்டை ஊசி வளைவுக்கும் தினம் தூக்கிட்டு இறங்க முடியாதுங்களே சார்.

கன்னங்குறிச்சி டீச்சர்

இதைத்தான் தேடினேன். கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க சார். ஷீட்ல நம்பர் போடறது சரி, அது வெறும் டேட்டா என்ட்ரியா நின்னுடாதா? யோசிக்கற வேலை எங்க நடக்குது?

மலைப்பாதை

ஷீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு டாக் இருக்கு, அங்கதான் நடக்குது. கட்டுரை எழுதக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டோம். ஒவ்வொரு பதிவும் நாலு தலைப்புல ஒண்ணோடதான் தொடங்கணும்: "என் கருத்து", "எனக்குப் புரியாதது", "புதுத் தகவல்", "இதைவிட நல்ல விளக்கம்". அடுத்த பள்ளிப் பிள்ளைக்குப் பதில் எழுதாம தன் பதிவைப் போடக் கூடாது.

சேலம் நகரம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1,515. புத்தகக் கணக்குப்படி கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையணும், அப்போ சுமார் 8 டிகிரி வித்தியாசம் வரணும். இதை நாங்க சொல்லலை. நம்பரை மட்டும் போட விட்டோம். போன பருவத்துல வந்ததுல கொஞ்சம் அப்படியே ஒட்டறேன், பேர் எல்லாம் எடுத்துட்டேன்:

கீழ் வகுப்பு: "என் கருத்து: மலை சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு. அதனால மேலதான் சூடா இருக்கணும். நீங்க தப்பா அளந்திருக்கீங்க."

மேல் வகுப்பு: "நாங்க தப்பா அளக்கல. ரெண்டு தெர்மாமீட்டர்ல பார்த்தோம். நீங்க வந்து பாருங்க."

கீழ்: "எனக்குப் புரியாதது: மேலயும் தரை இருக்கு, வெயில் அடிக்குது. அந்தத் தரை சூடாகாதா?"

மேல்: "புதுத் தகவல்: எங்க ஊர்ல வெயில்ல நின்னா சுள்ளுனு அடிக்கும். சில்வர் ஓக் நிழலுக்கு வந்தா உடனே குளிரும். காப்பித் தோட்டத்துல வேலை செய்யற எங்கம்மாவும் அதான் சொன்னாங்க."

கீழ்: "இதைவிட நல்ல விளக்கம்: அப்போ தரை சூடாகுது. காத்துதான் சூடாகல."

இந்தக் கடைசி வரியை எழுதின பிள்ளை வகுப்புல வாயே திறக்காதாம், நண்பர் சொன்னார். தமிழ் டைப்பிங்கும் வராது, போன்ல வாய்ஸ் டைப்பிங்ல பேசினதுதான் அப்படியே பேச்சுத் தமிழ்ல விழுந்திருக்கு. நாங்க திருத்தவே இல்ல.

அதுக்கப்புறம்தான் புத்தகத்தைத் திறந்தோம். காத்து பெரும்பாலும் கீழ இருக்கற தரையாலதான் சூடாகுது, மேல போகப் போக அழுத்தம் குறைஞ்சு விரியுது, விரியும்போது குளிருது. மலைமேல தரையை ஒட்டின காத்து கொஞ்சம் சூடானாலும் சுத்தியுள்ள குளிர்காத்து அடிச்சுக் கலைச்சிடுது. அந்தப் பக்கத்தை வழக்கமா நான் ஒரு பீரியட்ல முடிச்சுடுவேன். இந்தத் தடவை பிள்ளைங்களே கேள்வி மேல கேள்வியா வச்சிருந்ததால நேரம் போனதே தெரியலை.

செவ்வாப்பேட்டை கணக்கு

சூரியனுக்குப் பக்கம்னு சொன்ன பிள்ளையை விடாதீங்க, அது என் ஆளு! பூமிக்கும் சூரியனுக்கும் சுமார் 15 கோடி கி.மீ. ஏற்காடு சேலத்தைவிட ஒண்ணேகால் கி.மீ. உசரம். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க: 12 கோடியில ஒரு பங்குதான் பக்கம் போயிருக்கோம். விகிதம் நடத்த இதைவிட நல்ல கணக்கு எந்த நோட்ஸ்லயும் இல்ல.

இன்னொண்ணு. வித்தியாசம் தினம் 8 வந்துச்சா? வரலைன்னா அது இன்னும் நல்லது. சராசரின்னா என்னன்னு அப்பதான் மண்டையில ஏறும்.

மலைப்பாதை

வரலை சார். மூடுபனி நாள்ல வித்தியாசம் சுருங்கிடும், காஞ்ச மதியத்துல 10-ஐத் தாண்டிடும். ஈரமில்லாத காத்து கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வரைக்கும் குளிரும், மேகமா மாறுற காத்து அதுல பாதியோ கொஞ்சம் கூடவோதான். பிள்ளைங்க ஷீட்ல "பனி / வெயில் / மழை"ன்னு தாங்களாவே ஒரு நெடுவரிசை சேர்த்தாங்க. நாங்க சேர்க்கச் சொல்லலை.

அப்புறம் சத்துணவு அக்கா ஒரு விஷயம் கிளப்பி விட்டாங்க, இங்க பருப்பு வேக நேரமாகும்னு. ஏற்காடு உசரத்துல தண்ணி சுமார் 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். கீழ்ப் பள்ளிப் பிள்ளைங்க நம்பவே இல்ல, "கொதிச்சா 100 தானே, புத்தகத்துல போட்டிருக்கு"ன்னு ஒரே சண்டை. அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடுச்சு.

ஆத்தூர் லினக்ஸ்

ஆசிரியர் இல்லீங்க, நெட்வொர்க் வேலை பார்க்கறேன். எல்லாரும் கூகுளைச் சொல்றீங்களேன்னு உள்ள வந்தேன். மலைக்கிராமத்துல சிக்னல் இல்லாத பள்ளி எத்தனையோ இருக்கு. அங்க இணையமே இல்லாம இதைச் செய்யலாம்.

ஈதர்பேட்னு ஒண்ணு இருக்கு, பல பேர் ஒரே பக்கத்துல ஒரே நேரத்துல எழுதற மென்பொருள். 2009-ல கூகுள் அதைச் செஞ்ச கம்பெனியை வாங்கினப்பவே அதோட நிரலைத் திறந்து விட்டுட்டாங்க, இலவசம். பழைய அரசு லேப்டாப் ஒண்ணுல லினக்ஸ் போட்டு, அதை ஓட்டத் தேவையான நோட் ஜேஎஸ் ஏத்தி, ஈதர்பேட்டை ஓட விடுங்க. பக்கத்துல ஒரு சாதா வைஃபை ரவுட்டர். அதுல நெட் வரணும்னு அவசியமே இல்ல. மத்த லேப்டாப்ல பிரவுசரைத் திறந்து சர்வர் லேப்டாப்போட ஐபி எண்ணைப் போட்டு, முக்காற்புள்ளி வச்சு 9001-னு அடிச்சா பக்கம் திறக்கும். லாகின் கிடையாது, மெயில் ஐடி கிடையாது.

கணக்கு சார் கேட்ட கலர் ஸ்கெட்ச் பேனாவும் இதுல இருக்கு: எழுதறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம் தானா விழும். மேல கடிகாரப் படத்தை அழுத்தினா முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் யார் எதை எப்ப அடிச்சாங்க, எதை அழிச்சாங்கன்னு வீடியோ மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். வாத்தியாருங்களுக்கு இது தங்கச் சுரங்கம். போன்ல தமிழ் கீபோர்டு இதுல கொஞ்சம் தகராறு பண்ணும், லேப்டாப்ல தமிழ்99 போட்டுக் கொடுங்க.

கூகுள் டாக்ஸ்ல பதிப்பு வரலாறு இருக்குன்னு சொல்வீங்க. லேப்ல எல்லாரும் பள்ளியோட ஒரே கணக்குல நுழைஞ்சா வரலாறு முழுக்க அந்த ஒரே பேர்தான் காட்டும். அப்போ பிள்ளைங்களைப் பதிவு முடிவுல ஒரு குறியெழுத்தாவது போடச் சொல்லுங்க.

அம்மாபேட்டை அம்மா

நான் பெற்றோர் பக்கத்துல இருந்து பேசறேன். என் பொண்ணு படிக்கிற பள்ளியில "குரூப் புராஜெக்ட்"னு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினாங்க. ஆண், பெண் எல்லாப் பிள்ளைங்க வீட்டு நம்பரும் அதுல. என் நம்பருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ஒரு பையன் "ஹாய்" அனுப்பறான். போனே இல்லாத வீட்டுப் பிள்ளைங்க பக்கத்து வீட்டுல போய்க் கெஞ்சுது. படிப்பு ஆழமாகுதோ இல்லையோ, வீட்டுல சண்டை ஆழமாச்சு. டீச்சருங்க தயவு செஞ்சு இதையும் யோசிங்க.

ஆத்தூர் லினக்ஸ்

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. வாட்ஸ்அப் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. நம்பர் வெளிய போறது ஒரு பக்கம், பேசினது மேல மேல ஏறிப் போயிடும், நேத்து ஒரு பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு தேடி எடுத்துப் பதில் எழுதறது கஷ்டம். 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தைங்கதான், பெற்றோர் ஒப்புதல் பத்தி அதுல தெளிவா இருக்கு. பிள்ளைங்க பேர்ல கணக்கு தொடங்க வேண்டிய கருவியா இருந்தா, பெற்றோர் கூட்டத்துல காட்டிட்டு அப்புறம் தொடங்குங்க. புனைபெயரே போதும்: "மல்கோவா", "குண்டு", "இமாம் பசந்த்"னு மாம்பழப் பேர் வச்சுக் கொடுத்தா பிள்ளைங்களுக்கும் குஷி.

ஓமலூர் விக்கி

சபைக்கு வணக்கம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல இருந்து இருக்கு. அதுல ஆளுக்கொரு ஊர்க் கட்டுரை எழுத விடலாமே? ஊரே படிக்கும்ங்கிற நினைப்புல பிள்ளைங்க எழுத்துப் பிழையைக்கூட ரெண்டு தடவை பார்ப்பாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சொந்தமாக் கண்டுபிடிச்சது, பாட்டி சொன்னது எதுவும் அங்க நிக்காது, ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று கேட்பாங்க. மலைப்பாதை சாரோட வெப்பநிலை ஷீட் எவ்வளவு அருமையா இருந்தாலும் அதுக்கு விக்கிப்பீடியாவுல இடம் இல்ல. ஆர்வமா எழுதினதை மறுநாளே ஒருத்தர் வந்து நீக்கிட்டுப் போனா பிள்ளை வாடிப் போயிடும். அதனால முதல்ல மணல்தொட்டியில, அதாவது அங்க இருக்கற பழகு பக்கத்துல, எழுதிப் பழகட்டும். கட்டுரைகளோட உரையாடல் பக்கத்தைப் படிக்க வைங்க. பெரியவங்க ஒரு வரிக்காக எப்படி வாதாடறாங்க, எந்தச் சான்று எடுபடுதுன்னு அங்க பார்க்கலாம். என்னைக் கேட்டா கட்டுரையைவிட அந்தப் பக்கம்தான் பெரிய பாடம்.

பாட்டி சொன்னது, ஊர்ப் பேச்சு, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாம் சேர்க்கணும்னா வகுப்புக்குன்னு தனி விக்கி போடுங்க. டோக்குவிக்கின்னு ஒரு விக்கி மென்பொருள் இருக்கு, அதுக்கு டேட்டாபேஸ்கூட வேண்டாம், சாதாரண டெக்ஸ்ட் கோப்புலயே சேமிக்கும். ஆத்தூர் தம்பியோட அதே லேப்டாப்ல ஓடும்.

பி.எட் ரெண்டாம் வருஷம்

மலைப்பாதை சார் சொன்ன நாலு தலைப்பு கனடாவுல இருந்து வந்தது மாதிரி இருக்கே, சரிங்களா? மார்லீன் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர்னு ரெண்டு கல்வி ஆய்வாளர்கள் 1980-கள்ல பிள்ளைங்க சேர்ந்து எழுதறதுக்காகச் செஞ்ச மென்பொருள், பின்னாடி நாலெட்ஜ் ஃபோரம்னு பேர் மாறுச்சு. நாங்க பாடமாப் படிச்சோம், ஆனா பரீட்சைக்குப் பேரையும் வருஷத்தையும் மனப்பாடம் பண்ணினதோட சரி. காப்பித் தோட்டமும் பருப்பும் வர்றப்பதான் புரியுது.

ரெண்டு சந்தேகம். மார்க் எப்படிப் போடறீங்க? ஏ.ஐ.ல கேட்டு ஒட்டினா என்ன பண்றீங்க?

மலைப்பாதை

அங்க இருந்து எடுத்ததுதான்மா, தமிழ்ல நாங்களா வச்சுக்கிட்டோம்.

மார்க் பத்தி: எட்டாம் வகுப்பு வரைக்கும் வளரறி மதிப்பீட்டுல (அ) பிரிவுச் செயல்பாட்டுக்கு 20 மார்க் இருக்கு, அதுல வைக்கலாம். சரியான விடைக்கு மார்க் கிடையாது. அடுத்தவர் பதிவைப் படிச்சு அதுல ஒரு ஓட்டையைக் காட்டினா மார்க், தன் கருத்தை மாத்திக்கிட்டா அதுக்கும் மார்க். இதைச் சொன்ன உடனே முதல் பெஞ்சுப் பிள்ளைங்க முகம் வாடுது, கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காருது. பத்தாவதுக்கு இதைக் கொண்டு போக எனக்கு வழி தெரியலை. பொதுத்தேர்வு நெருக்கத்துல எந்த எச்.எம்.மும் விடமாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

ஏ.ஐ.: இன்னிக்குக் காலையில எங்க வராண்டாவுல எத்தனை டிகிரின்னு அதுக்குத் தெரியாது. வேலையை அப்படி அமைச்சுட்டா பாதிப் பிரச்சினை தீருது. போன்ல வானிலை ஆப்பைப் பார்த்து எழுதற கில்லாடிங்க உண்டு, ஆனா பெரும்பாலான ஆப்ல தசமம் வராது. தொடர்ந்து முழு எண்ணாவே வந்தா "தெர்மாமீட்டரைக் காட்டு ராசா"ன்னு கூப்பிடுவேன்.

முக்கியமான சங்கதி வேற ஒண்ணு: வாத்தியார் தினம் படிக்கணும். ராத்திரி கால் மணி நேரமாவது அந்த டாக்கைப் படிச்சுட்டு மறுநாள் வகுப்புல "நேத்து ஒருத்தர் இப்படிக் கேட்டிருக்காங்க"ன்னு தொடங்கணும். ஒரு வாரம் விட்டாப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடும், அதோட எழுதறதும் நின்னுடும். எமிஸ் தளத்துல விவரம் ஏத்தற வேலைக்கு நடுவுல இதுக்கு நேரம் எங்கன்னு கேட்டா, நியாயமான கேள்விதான்.

செவ்வாப்பேட்டை கணக்கு

படிக்க ஆள் இல்லைன்னா எந்தக் கருவியும் வீண்தான். ஹோம்வொர்க் நோட்டுக்கும் அதே கதிதானே.

கன்னங்குறிச்சி டீச்சர்

அம்மாபேட்டை அக்கா, உங்க பதிவை எங்க எச்.எம்.கிட்ட படிச்சுக் காட்டறேன். வாட்ஸ்அப் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு.

திருமணிமுத்தாறையே திரும்ப எடுக்கலாம்னு நினைக்கறேன், ஆனா கட்டுரை வேண்டாம். ஆறு ஓடுற வழியில இருக்கற பள்ளிகள்ல அவங்கவங்க இடத்துல தண்ணியோட நிறம், வாடை, வெப்பநிலை, பி.எச். தாள் (அமிலமா காரமான்னு காட்டறது) காட்டற நிறம் எல்லாம் ஒரே ஷீட்ல போடட்டும். மலையடிவாரத்துல தெளிவா வர்ற தண்ணி நகரத்தைத் தாண்டும்போது என்ன ஆகுதுன்னு ஒரு பள்ளி தனியாப் பார்த்தாத் தெரியவே தெரியாது. சாயக்கழிவு, சாக்கடைன்னு பிள்ளைங்க பேசத் தொடங்கிட்டா அது எங்க போய் நிக்கும்னும் யோசனையா இருக்கு, அதையும் பார்த்துக்கலாம். ஆத்துக்குப் பிள்ளைங்களைத் தனியா அனுப்ப மாட்டேன், தண்ணியை ஆசிரியர்தான் வாளியில எடுத்து வரணும், கையுறை போட்டு.

மலைப்பாதை சார், மேல உற்பத்தியாகற பக்கம் இருந்து உங்க வகுப்பு சேருமா?

மலைப்பாதை

சேர்றோம் டீச்சர். காலாண்டுத் தேர்வு முடியட்டும். அதுக்கு அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் வந்துடும், ஓடையில தண்ணி இருக்கும். ஒரே கம்பெனி பி.எச். தாள் எல்லாப் பள்ளிக்கும் வாங்குங்க, இல்லைன்னா நிற அட்டை மாறிப் போய், தண்ணி மாறுச்சா தாள் மாறுச்சான்னு தெரியாமக் குழம்பிடுவோம். ஷீட்ல தலைப்பு வரிசையை மட்டும் பூட்டி வைங்க, ஒரு பிள்ளை தெரியாம அழிச்சா எல்லாருக்கும் போயிடும்.

செவ்வாப்பேட்டை கணக்கு

நகரத்துக்குள்ள ஒரு பள்ளி வேணும்ல? எங்க எட்டாம் வகுப்பையும் சேர்த்துக்கங்க. வரைபடம் போடற வேலை எங்களோடது. அதை மட்டும் கிராஃப் தாள்லதான் போடுவோம், இப்பவே சொல்லிட்டேன்.